செம்புக்கல் சென்னகிருஷ்ணன்

சென்னகிருஷ்ணன் சேலத்தில் இண்டர்மீடியட் படித்தவர் என்று குருபரப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் சொல்வார்கள். அவர் மட்டும், "படிச்சேன், பாஸ் பண்ணல" என்று திருத்திவிடுவார். இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் ரசாயனப் பாடத்தில் கவிழ்ந்தவர். அதற்குப் பிறகு ஊருக்கு வந்து அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ராஜாத்தியைக் கட்டிக்கொண்டு, கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் தன்னை வேண்டாம் என்று சொன்ன பெண்ணையே நினைத்துக்கொண்டிருக்கும் ஆளைப் போல, அந்த ரசாயனத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. ராஜாத்தி துணிக்குப் போடும் உவர்மண்ணில் என்ன இருக்கிறது, புளி தேய்த்தால் பித்தளை ஏன் பளபளக்கிறது என்றெல்லாம் கேட்காமலே சொல்வார். முக்கால்வாசி சரியாக இருக்கும். மீதிக் கால்வாசிதான் பரீட்சையில் வந்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தன்னைப் பார்த்துச் சிரிக்க அவருக்கு நன்றாகவே தெரியும். அந்தச் சிரிப்பு எப்போதும் காரியம் கெட்ட பிறகுதான் வரும் என்பது ஒன்றே குறை.

ஐம்பத்தாறாம் வருஷம் கோடை தொடங்கும் சமயம். கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு போன ஒரு காளையைத் தேடி, பெங்களூர் ரோட்டுக்குப் பக்கத்தில் ஜல்லி உடைக்கிற பாறைப் பக்கம் போனார். முந்தின நாள் வெடி வைத்துப் பிளந்த பாறை. உள்முகம் வெயிலில் புதிதாக மின்னியது. அதன் குறுக்கே, யாரோ பச்சைப்பயறை அரைத்து இழுத்துவிட்ட மாதிரி, கையகலத்துக்கு ஒரு பச்சைப் பட்டை ஓடியது.

சென்னகிருஷ்ணன் காளையை மறந்தார். பச்சை என்றால் செம்பு. பழைய செம்புக் குடத்தில் பூக்கிற களிம்பு என்ன நிறம்? பச்சை. கல்லூரியில் கண்ணாடிக் குழாய்க்குள் ஆசிரியர் காட்டிய செம்பு உப்புகள் என்ன நிறம்? ஒன்று நீலம், மற்றவை பச்சை. பத்திரிகையைத் திறந்தால் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம், இரும்பு, நிலக்கரி, அணைக்கட்டு என்றுதான் இருந்தது. நாட்டுக்குத் தேவையான செம்பு, மாடு தேடி வந்த தன் காலடியில் கிடக்கிறது என்பதில் அவருக்கு ஆச்சரியமே வரவில்லை. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரிதான் அந்தக் கல்லைப் பார்த்தார்.

தலைத்துண்டை அவிழ்த்து அது கொள்ளுமட்டும் கட்டிக்கொண்டு வீடு வந்தார். காளை தானாகவே வீட்டுக்கு வந்து தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"மாட்டத் தேடப் போனவரு மலையத் தூக்கிட்டு வந்துட்டாரு" என்றாள் ராஜாத்தி.

"இது கல்லு இல்ல புள்ள. செம்பு."

"செம்புன்னா செவப்பா இல்ல இருக்கும்?"

"அது உருக்கின பொறவு. பூமிக்குள்ள பச்சையாத்தான் இருக்கும். மலாக்கைட்னு பேரு. இங்கிலீஷ் புஸ்தகத்துல படம் பார்த்திருக்கேன்." அந்தப் படம் கறுப்பு வெள்ளை என்பதை அவர் சொல்லவில்லை.

சோதித்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது என்ற அளவுக்கு அவருக்குப் படிப்பு இருந்தது. மலாக்கைட்டில் புளிப்பான எதை ஊற்றினாலும் நுரை பொங்க வேண்டும். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். சாறு கல்லின் மேல் ஓடித் தரையில் சொட்டியது. பழம் வாடிப்போனது என்றார். புளியைக் கரைத்து ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. புளி பழசு என்றார். பிறகு குருபரப்பள்ளி லாரி பட்டறைக்குப் போய், பேட்டரிக்கு ஊற்றும் திராவகம் கொஞ்சம் கெஞ்சி வாங்கி வந்தார். அதை ஊற்றியபோது கல் அப்படியே கிடந்தது. தெறித்த ஒரு துளியில் வேட்டி மட்டும் முழங்காலுக்கு மேலே ஓட்டையாகிப் போனது.

இந்த மூன்று சோதனைகளிலிருந்து சென்னகிருஷ்ணன் எடுத்த முடிவு என்ன தெரியுமா? திராவகத்துக்கே அசையாத கல் என்றால் சாதாரண மலாக்கைட் இல்லை, உயர்ந்த ஜாதி மலாக்கைட் என்பதுதான். பரீட்சையில் தன்னைப் பெயில் போட்டவர்கள் நியாயமானவர்கள் என்று பிற்பாடு இதை நினைத்துத்தான் ஒப்புக்கொண்டார்.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு வேட்டியோடு போயிருக்கும். ஆனால் விஷயம் பெருமாள் வரைக்கும் போனது.

பெருமாள் அவருக்குப் பெரியப்பா மகன். மூன்று வயது மூத்தவர். இரண்டு பேருக்கும் பொதுவாக மேட்டுக்காட்டில் ஒரு கிணறு வெட்டுவதென்று பேசி முடித்து, ஆளும் சொல்லிவைத்திருந்தார்கள். அந்தக் கிணற்றை நம்பிப் பெருமாள் ஒரு காடு நிறைய மாங்கன்று நட்டிருந்தார். தூரத்து ஏரியிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சென்னகிருஷ்ணன் போய்ச் சொன்னார்:

"அண்ணா, கிணத்த இப்ப வெட்ட வேணாம். அந்தப் பாறையில ஓடற பட்டை நேரா நம்ம மேட்டுக்காட்டுக்குத்தான் வருது. நாளைக்கி சுரங்கம் வர்ற எடம். கண்டபடி வெடி வெச்சுக் கெடுத்துறக் கூடாது."

"மாங்கன்னு என்னடா ஆவும்?"

"சுரங்கம் வந்தா மாங்கன்னு எதுக்குண்ணா?"

பெருமாள் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். தம்பி சேலத்தில் படித்தவன் என்ற மரியாதை அவருக்குக் கடைசி வரைக்கும் உண்டு. தலையை ஆட்டிவிட்டார். கிணற்று ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். வைகாசி முடிவதற்குள் மாங்கன்றுகள் முக்கால்வாசி சருகாகிப் போயின.

அந்தச் சமயத்தில் கிருஷ்ணகிரி அணை வேலைக்காகப் பாறை பார்க்க ஒரு சர்க்கார் அதிகாரி வந்து பங்களாவில் தங்கியிருந்தார். பெயர் ஸ்ரீகண்டையா. மைசூர்ப் பக்கத்துக்காரர். கல் ஆராய்ச்சியே அவருக்கு உத்தியோகம். சென்னகிருஷ்ணன் இரண்டு தடவை போய்க் காத்திருந்து அவரை வரச் சம்மதிக்க வைத்தார். ஜீப் வருகிற அன்று ஊரே பாறைப் பக்கம் கூடிவிட்டது. சேலத்தில் படித்தபோது தைத்த கோட்டைச் சென்னகிருஷ்ணன் எடுத்துப் போட்டுக்கொண்டார். பித்தான் வயிற்றுக்கு மேல் எட்டவில்லை. ராஜாத்தி, "திறந்தே இருக்கட்டும், காத்து வரும்" என்றாள்.

ஸ்ரீகண்டையா ஒல்லியான, வெயிலில் கறுத்த மனிதர். பச்சைப் பட்டையைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே அவர் முகத்தில் இருந்த ஆவல் அடங்கியது. ஆனாலும் முறைப்படி எல்லாம் செய்தார். சின்னச் சுத்தியலால் ஒரு துண்டு தட்டி எடுத்தார். பேனாக்கத்தியால் கீறினார். கல்லில் கீறல் விழவில்லை. கத்தியின் இரும்புதான் கல்லில் கோடாகப் படிந்தது. பைக்குள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்து ஒரு சொட்டு விட்டார். அது பனித்துளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நோடி, ஸ்வாமி" என்றார் கன்னடமும் தமிழுமாக. "மலாக்கைட் மெத்துன்னு இருக்கும், கத்தி பட்டா கீறும். பொடி பச்சையா வரும். இந்தச் சொட்டு விட்டா சோடா மாதிரி பொங்கணும். இது ஒண்ணுமே இல்லே. இது எபிடோட்."

"அப்படின்னா செம்புல ஒரு வகைங்களா?" என்று கேட்டார் சென்னகிருஷ்ணன்.

"செம்பே இல்லே. இந்தப் பக்கத்துப் பாறையிலே எங்கே பார்த்தாலும் இருக்கு. பச்சை நிறத்தை நம்பக் கூடாது, ஸ்வாமி. நிறம் கூச்சமில்லாம பொய் சொல்லும்."

கூட்டத்தில் யாரோ, "அது எதுக்காச்சும் ஆவுங்களா, சாமி?" என்று கேட்டார்கள்.

"ஜல்லிக்கு நல்லா ஆகும்" என்றார் ஸ்ரீகண்டையா. ஜல்லி உடைக்கிறவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

அதிகாரி நல்ல மனிதர். தன் பெட்டியைத் திறந்து, "உண்மையான மலாக்கைட் எப்படி இருக்கும்னு பாருங்க" என்று வேறு ஊரில் எடுத்த ஒரு துண்டை நீட்டினார். சென்னகிருஷ்ணன் அந்த நேரத்தில் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பார்த்தேங்க, பார்த்தேங்க" என்றார். பார்க்கவே இல்லை. பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் பெயர் செம்புக்கல் சென்னகிருஷ்ணன். தண்ணீர் எடுக்கும் துறையிலும் டீக்கடையிலும் அதுதான் பேச்சு. பாசி பிடித்த கல்லைக் கொண்டுவந்து, "இது எந்த ஜாதி மலாக்கைட்டுங்க?" என்று கேட்பார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். கோட்டுப் பித்தானையும் வேட்டி ஓட்டையையும் அவரே சேர்த்துச் சொன்னார். சொல்லச் சொல்ல வலி குறைகிற மாதிரி இருந்தது. பெருமாள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் அந்தச் சிரிப்பு வரவில்லை. பெருமாள் திட்டியிருந்தால் பரவாயில்லை. எதிரே வந்தால், முன்பின் தெரியாத ஆளுக்கு வழி விடுவது மாதிரி ஒதுங்கி நின்றார்.

ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சென்னகிருஷ்ணன் தானே போய்க் கிணற்று ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு வந்தார். செலவு முழுக்கத் தன்னுடையது என்று ராஜாத்தி மூலம் பெருமாளின் மனைவி வெங்கடம்மாளிடம் சொல்லி அனுப்பினார். வேலை தொடங்கியது. ஆட்களுக்குத் தலைவன் சென்றாயன். சூளகிரிப் பக்கம் பாதிக் கிணறுகள் அவன் கையால் இறங்கியவை. நல்ல வேலைக்காரன், பேச்சில் அதைவிடக் கெட்டி.

மண் தாண்டி, உதிர்கிற கப்பிக்கல் தாண்டி, பாறை வந்தது. வெடி வைத்து இறங்கினார்கள். ஒரு நாள் சென்றாயன் கூடையோடு மேலே வந்து, "சாமி, வெள்ளையா ஒரு வெங்கச்சாங்கல்லுப் பட்டை குறுக்கால போவுது. அதுல பச்சையா ஒட்டிக்கெடக்குது, பாக்கறீங்களா?" என்று ஒரு கல்லை நீட்டினான்.

சென்னகிருஷ்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எபிடோட்" என்றார்.

"இது கிளி றெக்கையாட்டம் இருக்குதுங்க."

"நிறத்த நம்பாத சென்றாயா. நிறம் கூச்சமில்லாம பொய் சொல்லும். இந்தப் பக்கத்துப் பாறையில எங்க பார்த்தாலும் இருக்கு. எபிடோட். வேலயப் பாரு."

செம்பு என்று நம்பியபோது எவ்வளவு உறுதியோ, அவ்வளவு உறுதியாக இப்போது எபிடோட். அந்த வார்த்தை சென்றாயனுக்கும் பிடித்துப்போனது. உபயோகமில்லாத எதுவும் அவன் வாயில் எப்படோட்டு ஆகிவிட்டது. மொட்டைக் கடப்பாறை எப்படோட்டுக் கடப்பாறை. வேலைக்கு வராதவன் எப்படோட்டுப் பையன். கூடை கூடையாக வந்த பச்சைக்கல்லை என்ன செய்வது என்று கேட்டபோது, மேட்டுக்காட்டிலிருந்து ரோட்டுக்குப் போகும் வண்டித்தடத்தில் மழைக்குப் பள்ளமான இடங்களில் கொட்டி நிரவச் சொன்னார் சென்னகிருஷ்ணன். பெருமாளின் வண்டியும் அந்த வழிதான் போகும். ஏதோ ஒரு நல்லது செய்ததாக அவருக்கு ஆறுதல்.

எலுமிச்சம்பழம் மலிவாகக் கிடைத்த வாரம் அது. ராஜாத்தி ஜாடி நிறைய நறுக்கி உப்புப் போட்டு, துண்டுகள் மிதக்காமல் சாற்றுக்குள் அமுங்கிக் கிடக்க மேலே ஒரு கல் வைத்திருந்தாள். நாலைந்து நாள் கழித்து அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. ஊறுகா பொங்கி நிக்குது."

"உப்புப் பத்தியிருக்காது. உப்புக் கம்மியானா புளிச்சுப் பொங்கும். அதுல என்னா ஆவுதுன்னா..."

"சொல்றத வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. சாறெல்லாம் பச்சையா இருக்குது."

போய்ப் பார்த்தார். ஜாடியின் வாய்வரைக்கும் நுரை. அதற்குக் கீழே சாறு, மயில்துத்தம் கரைத்த தண்ணீர் மாதிரி நீலமும் பச்சையுமாக நின்றது. ராஜாத்தி ஜாடிக்குள் விட்டுக் கிளறிய கத்தியைத் தூக்கிக் காட்டினாள்.

"கத்தியப் பாருங்க. கொஞ்ச நேரம் உள்ள வெச்சுட்டு அரிசி களையப் போனேன். செவந்து போயிருக்குது. செம்புக் கத்தியாட்டம்."

சென்னகிருஷ்ணன் கத்தியை வாங்கிப் பார்த்தார். சாற்றுக்குள் இருந்த வரைக்கும் சிவப்பு, அதற்கு மேலே இரும்பு. நகத்தால் சுரண்டினார். மெல்லிய செம்புப் பூச்சு உரிந்து வந்தது.

"மேல என்னா கல்லு வெச்ச?" என்று கேட்டார்.

"கிணத்துக்கல்லுதான். வண்டித்தடத்துல கெடந்துச்சு. தட்டையா, பாக்க லட்சணமா இருந்துச்சு, கழுவி வெச்சேன். ஏன், அது எப்படோட்டு தானே?"

அவர் ஜாடிக்குள் கைவிட்டுக் கல்லை எடுத்தார். சாறு பட்ட பக்கம் அரித்துப் பள்ளம் பள்ளமாக இருந்தது. மேல்பக்கம் பச்சை. கிளியின் றெக்கை என்று சென்றாயன் சொன்னானே, அதே பச்சை. கத்தி முனையால் கீறினார். கோடு விழுந்து, பச்சைப் பொடி அவர் விரலில் ஒட்டியது.

அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது. வந்தது சிரிப்பு. இல்லாத இடத்தில் செம்பைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டிய ஆள், இருக்கிற இடத்தில் அதைக் கையால் தொடக்கூட மறுத்து ரோட்டில் கொட்டியிருக்கிறான். ராஜாத்திக்குக் காரணம் புரியாமலே அவளும் சிரித்தாள். புரிந்த பிறகு ஊறுகாய் முழுக்கக் குப்பைக்குப் போக வேண்டும் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள்.

வெயில் உச்சிக்கு வருகிற நேரம். சென்னகிருஷ்ணன் மடியில் எலுமிச்சம்பழங்களைக் கட்டிக்கொண்டு, கடப்பாறையோடு வண்டித்தடத்துக்குப் போனார். தான் கொட்டச் சொன்ன கல்லைத் தானே தோண்ட ஆரம்பித்தார். சந்தேகப்பட்ட ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு சொட்டு பிழிந்து, காதைக் கிட்டே கொண்டுபோய், நுரைக்கிற சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"செம்புக்கல்லு கல்லுகிட்ட ரகசியம் பேசுது" என்றாள் ஒருத்தி.

"என்னாங்க சொல்லுது கல்லு?" என்றாள் இன்னொருத்தி.

"என்னய முட்டாள்ங்குது" என்றார் சென்னகிருஷ்ணன் தலையைத் தூக்காமல். "சரியாத்தான் சொல்லுது."

அப்போது பின்னால் மாட்டுமணிச் சத்தம் கேட்டது. பெருமாளின் வண்டி. தடத்தின் நடுவில் தம்பி மண்டியிட்டுக் கிடக்க, வண்டி போக வழியில்லை. பெருமாள் மாட்டை நிறுத்தினார். வழக்கம்போல ஒதுங்கிப்போக அங்கே இடமும் இல்லை.

"என்னடா இது?" இரண்டு மாதத்தில் முதல் பேச்சு.

"வேணாம்ணா. சொன்னா நம்ப மாட்ட."

"சொல்லு."

"இது நெஜமாவே செம்புண்ணா."

பெருமாள் வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் அடித்தது. மாடு ஒன்று தலையை ஆட்டியது.

"ஒன்னய நம்பித்தாண்டா என் கன்னு செத்துச்சு" என்றார் மெதுவாக. அதுவரைக்கும் யாரிடமும் அதைச் சொல்லாதவர்.

"ஆமாண்ணா." சென்னகிருஷ்ணன் கடப்பாறையைக் கீழே வைத்தார். ஒரு கல்லை எடுத்து, பழத்தைப் பிழிந்து, அண்ணன் பக்கம் நீட்டினார். "நீ என்னய நம்ப வேணாம். கல்லக் கேளு."

பெருமாள் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து கல்லை வாங்கிக் காதில் வைத்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மறுபடி வைத்துக் கேட்டார்.

"சலசலங்குது" என்றார். நுகத்தடியைத் தூக்கி மாட்டை அவிழ்த்து வேலியோரம் கட்டிவிட்டு வந்து, தம்பிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பழத்தக் குடு இங்க."

சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் தடத்தைக் கிளறினார்கள். ராஜாத்தியும் வெங்கடம்மாளும் கூழ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவர்களும் தேடினார்கள். சென்றாயன் வந்து பார்த்துவிட்டு, "அப்போ எப்படோட்டு எதுதான் சாமி?" என்று கேட்டான். சென்னகிருஷ்ணன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஸ்ரீகண்டையாவிடம் மறுபடி போக அவருக்குக் கால் வரவில்லை. பெருமாள்தான் இழுத்துக்கொண்டு போனார். போவதற்கு முந்தின இரவு, சென்னகிருஷ்ணன் தன் பங்குக் கல்லையெல்லாம் அதிகாரிக்கு அழகாகக் காட்ட வேண்டுமென்று, ஒட்டியிருந்த வெங்கச்சாங்கல்லைத் தட்டிக் கழித்து, பூஜைப் பாத்திரம் மாதிரி புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். பெருமாளின் பங்கு மண்ணோடும் சாணியோடும் கோணிப்பையில் கிடந்தது.

பங்களா வராந்தாவில் அதிகாரி முதலில் பெருமாளின் பையைத் திறந்தார். ஒரு கல்லைக் கீறினார், ஒரு சொட்டு விட்டார். நுரை சீறியது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஹௌது! மலாக்கைட்! எல்லி சிக்கிது? எங்கே கிடைச்சுது?"

பெருமாள் தம்பியைப் பார்த்தார். "சொல்லுடா. இந்தத் தடவ சரியாச் சொல்லு."

பிறகு அதிகாரி சென்னகிருஷ்ணனின் கற்களைப் பார்த்தார். பார்த்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "புளி போட்டீங்களா? ஐயோ ஸ்வாமி, புளி இதைத் தின்னுடுமே. பாதி கரைஞ்சே போச்சு. தாய்ப்பாறையும் ஒட்டியிருக்கணும், அப்பத்தான் எதிலே வளர்ந்ததுன்னு எங்களுக்குத் தெரியும். உங்க அண்ணா கொண்டுவந்த மாதிரி அழுக்கா இருக்கணும்."

"எனக்கு அழுக்கா வெச்சுக்கத் தெரியும்ங்க" என்றார் பெருமாள். அவர் முகத்தில் அந்த வருஷத்திலேயே அப்போதுதான் ஒரு சந்தோஷம் தெரிந்தது. புளி பித்தளையை ஏன் பளபளக்க வைக்கிறது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய சென்னகிருஷ்ணன் வராந்தாத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஸ்ரீகண்டையாவை வடக்கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். உள்ளே வெகுநேரம் தட்டும் சத்தம் கேட்டது. மேலே வந்தபோது சட்டையெல்லாம் சேறு, கண்ணில் வெளிச்சம். ஆனால் உண்மையைச் சொன்னார்.

"பச்சை ஒரு கட்டைவிரல் தடிமன்தான். கிழக்கே போகப் போக நூலாயிடுது. சுரங்கம் எல்லாம் வராது. ஆனா இந்த எடத்துலே இது இருக்குன்னு எனக்கே தெரியாது. ஒரு வாரம் வெடி வைக்காம விட்டீங்கன்னா, பக்கவாட்டிலே கொஞ்சம் கொத்திப் பார்ப்பேன்."

எல்லாரும் சென்னகிருஷ்ணனைப் பார்த்தார்கள். அவருடைய செம்பு. நெஜமான செம்பு. அதிகாரியே கேட்கிறார். ஒரு வாரம் என்ன, ஒரு வருஷம் கூட அவர் நிறுத்துவார் என்றுதான் கூட்டம் நினைத்தது. அவரும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தார். கிணற்றுக்கு அந்தப் பக்கம் பெருமாள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பாறை ஈரம் கட்டிவிட்டது, இன்னும் ஒரு வெடி வைத்தால் தண்ணீர்தான் என்று காலையில்தான் சென்றாயன் சொல்லியிருந்தான்.

"மன்னிக்கணுங்க" என்றார் சென்னகிருஷ்ணன். "இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் வேணும்னா கொத்துங்க. நாளைக்கி வெடி. அண்ணன் கன்னுல நாலஞ்சு இன்னும் உசுரோட இருக்குது."

ஸ்ரீகண்டையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி" என்றார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உடனே மறுபடி கயிற்றைப் பிடித்தார். பெருமாளும் கூடவே இறங்கினார். கற்களை ஒவ்வொன்றாகப் பத்திரிகைத் தாளில் சுற்றி ஜீப்பில் ஏற்றும்போது இருட்டிவிட்டது.

மறுநாள் வெடிக்குத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. பச்சைப் பட்டை இருந்த இடம் மூழ்கிப்போனது. இரண்டு கூடை செம்புக்கல்லும் ஒரு நல்ல ஊற்றும் அந்தக் கிணற்றால் வந்தவை. முதலில் ஊறியதை இறைத்துக் கொட்டிவிட்டு, புது ஊற்றில் செம்பு கரைந்திருக்கிறதா என்று ஒரு இரும்பு ஆணியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். சிவக்கவில்லை. சாகாமல் நின்ற கன்றுகளுக்குப் பெருமாள் மாடு பூட்டிக் கவலை கட்டித் தண்ணீர் இறைத்தார். செத்தவற்றின் குழிகளில் ஆடி மழைக்குப் புதிதாக நட்டார். அந்தக் குழிகளைத் தோண்டியது சென்னகிருஷ்ணன். யாரும் சொல்லாமல் தானாகப் போய்த் தோண்டினார்.

அதற்குப் பிறகு ஜனங்கள் கேலிக்கு இல்லாமல் நிஜமாகவே கல் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஓசூர்ச் சந்தைக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கி மடியை அவிழ்த்துக் காட்டினார்கள். பாசி, கண்ணாடிச் சில்லு, சாயம் ஒட்டிய செங்கல், எல்லாம் வந்தது. ஒரு நாள் நாட்றாம்பாளையம் மலைக்காட்டிலிருந்து மாதம்மாள் என்று ஒரு நடுவயதுப் பெண், அஞ்செட்டி வரைக்கும் நடந்து, மாறி மாறி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கல்லை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள். கறுப்புக் கல். ஓரத்தில் மட்டும் ஒரு பச்சைத் திட்டு.

"எங்க காட்டு ஓடையில கெடக்குதுங்க. செம்புங்களா?"

வீட்டில் இருந்த எல்லாவற்றையும் வைத்துச் சோதித்தார். நுரைத்த மாதிரியும் இருந்தது, நுரைக்காத மாதிரியும் இருந்தது. சொல்வதற்கு ஏழெட்டுக் காரணங்கள் வாய் வரைக்கும் வந்தன.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

மாதம்மாளின் முகம் விழுந்தது. "அம்மாந்தூரத்துல இருந்து வந்தேனே."

"எடத்தப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்று வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை. ராஜாத்தி உள்ளிருந்து, "களை எடுக்க ஆளு வந்திருக்குது!" என்று கத்தினாள். அவர் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

ரோட்டில் பஸ்ஸுக்காக நிற்கும்போது பெருமாள் தோளில் துண்டும் கையில் சோற்று மூட்டையுமாக வந்து சேர்ந்தார்.

"நீ எங்கண்ணா?"

"ஒன்னயத் தனியா உட்டா அந்த ஊருக் கிணத்தையும் நிறுத்திப்புடுவ" என்றார் பெருமாள். பஸ் வந்தது. மாதம்மாளை முன்னால் ஏற்றிவிட்டு, ஜன்னலோர இடத்துக்காக அண்ணனும் தம்பியும் முண்டிக்கொண்டு ஏறினார்கள்.